சென்னைக்குள் நட்சத்திரம் பார்க்க எங்கே போகலாம்?

கேள்வி: வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். ஆறாவது படிக்கும் மகளுக்கு நட்சத்திரம் பார்க்க ரொம்ப ஆசை. மாடிக்குப் போனால் பத்துப் பதினைந்து புள்ளிகளுக்கு மேல் தெரிவதில்லை. அடிக்கடி வெளியூர் போக வசதியில்லை. நகரத்துக்குள் நல்ல இடம் இருக்கிறதா? டெலஸ்கோப் வாங்கலாமா?

பதில்: இடம் இருக்கிறது. முதல் இடம் உங்கள் மொட்டைமாடியேதான்.

நட்சத்திரங்களை மறைப்பவை இரண்டு. ஊரின் மொத்த வெளிச்சமும் தூசியிலும் ஈரக்காற்றிலும் சிதறி வானத்தை வெளுக்கச் செய்வது ஒன்று. அதை நம்மால் மாற்ற முடியாது. தெருவிளக்கும் எதிர்வீட்டு எல்இடி விளக்கும் நேராகக் கண்ணில் அடிப்பது இன்னொன்று. இதைத் தடுக்கலாம், தடுத்தாலே நிறையத் தெரியும். தண்ணீர்த் தொட்டியின் நிழலிலோ படிக்கட்டு அறையின் சுவரை ஒட்டியோ, எந்த விளக்கும் நேரே தெரியாத மூலையைத் தேடுங்கள். பாய் விரித்துப் படுத்துவிட்டால் மிச்ச விளக்குகளைக் கைப்பிடிச் சுவரே மறைத்துவிடும். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். நடுவில் செல்போனைப் பார்த்தால் அவ்வளவும் வீண். மாடியில் விளக்கு எரிந்தால் குடியிருப்போர் சங்கத்தில் சொல்லி ஒரு மணி நேரம் அணைக்கச் சொல்லுங்கள். தயங்காமல் கேளுங்கள், மற்ற வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்வார்கள்.

அப்புறம், அடிவானத்தை விட்டுவிட்டு உச்சியைப் பாருங்கள். நகர வெளிச்சம் அடிவானத்தில்தான் அதிகம், தலைக்கு மேலே குறைவு. இதில் சென்னைக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. நாம் 13 டிகிரி வடக்கில் இருப்பதால், வானத்தின் அழகான பகுதிகளில் ஒன்று நம் உச்சியை ஒட்டியே போகிறது. பொங்கல் சமயத்தில் இரவு எட்டு, ஒன்பது மணிக்குக் கார்த்திகையும் ரோகிணியும் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். பின்னாலேயே திருவாதிரை சிவப்பாக ஏறி வரும். அதன் பக்கத்தில் வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரிந்தால், அதுதான் ஓரியன் என்ற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தின் இடைவார்.

தெற்கு வானம் வேண்டுமென்றால் கடற்கரைக்குப் போக வேண்டும். மெரினா வேண்டாம், அங்கே உயர்கோபுர விளக்குகள் அதிகம். திருவான்மியூருக்குத் தெற்கே, நீலாங்கரைப் பக்கம் போங்கள். ஊருக்கு முதுகைக் காட்டி நின்றால் எதிரே கடல், அந்தப் பக்கம் விளக்குகள் குறைவு. பிப்ரவரி நடுவில் எட்டரை மணி வாக்கில் நேர்தெற்கே, அடிவானத்திலிருந்து சுமார் 24 டிகிரி உயரத்தில் பளிச்சென்று தெரிவது அகத்திய நட்சத்திரம். லண்டனில் இருப்பவர்களுக்கு அது ஒருபோதும் உதிப்பதே இல்லை. தனியாகப் போகாதீர்கள், ரொம்ப நேரமும் இருக்க வேண்டாம். ஒன்று முக்கியம்: ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இதே மணலில் முட்டையிட வரும். டார்ச் அடித்தால் அவை மிரண்டு திரும்பிவிடும். குஞ்சுகளோ வெளிச்சத்தைப் பார்த்துக் கடலுக்குப் பதில் சாலைப் பக்கம் போய்விடும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டு, அதையும் தரையை நோக்கியே பிடியுங்கள்.

நாள் பார்க்கத் தினசரி காலண்டர் போதும். தேய்பிறை அஷ்டமியிலிருந்து அமாவாசை வரை முன்னிரவில் நிலா இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மேகம், அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். போகி அன்று புகை. ஆனால் மழை பெய்து ஓய்ந்த இரவு வானம் தெளிந்திருந்தால் உடனே மாடிக்கு ஓடுங்கள், தூசி கழுவப்பட்டிருக்கும்.

டெலஸ்கோப் இப்போதைக்கு வேண்டாம். 7x50 அல்லது 10x50 (7 அல்லது 10 மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. முன்கண்ணாடி) பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு பார்த்தால், வெறுங்கண்ணுக்கு ஐந்தாறாகத் தெரியும் கார்த்திகை பல மடங்காகும். வியாழனின் நிலாக்கள்கூடத் தெரியும். கிரகங்களை நகர வெளிச்சம் பெரிதாகப் பாதிப்பதில்லை. 1861-இல் 'ஆசியா' என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தது நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தில்தான் என்று மகளிடம் சொல்லுங்கள்.

பால்வீதி மட்டும் நகரத்துக்குள் தெரியாது. அதற்கு ஜவ்வாது மலைப் பக்கம் போக வேண்டும். அங்கே காவலூரில்தான் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. ஏப்ரல், மே விடுமுறையில், அமாவாசையை ஒட்டி ஒரு தடவை போய் வாருங்கள். பால்வீதி நள்ளிரவுக்குப் பிறகுதான் நன்றாக மேலேறும் என்பதால், மகளைச் சாயங்காலமே கொஞ்சம் தூங்க வைத்துவிடுங்கள்.