சபைக்குள் சர்ச்சைகள் நடக்கும்போது பாரம்பரிய கிறிஸ்தவ உபதேசத்திற்காக எப்படி நிற்பது?

கேள்வி கேட்டவர் சொல்வது இதுதான். திருத்துவம், கிறிஸ்துவின் சரீர உயிர்த்தெழுதல், திருமணம் ஆகியவை குறித்த பழைய போதனையைத் தன் சபையில் எடுத்துப் பேசினால் 'காலத்துக்கு ஒவ்வாதவர்', 'சபையைப் பிரிப்பவர்' என்ற பெயர் வருகிறது. பேசாமல் இருந்தால் மனசாட்சி குத்துகிறது. சபையை விட்டே போய்விடலாமா என்றும் யோசிக்கிறார்.

பேசுங்கள் என்பதே என் பதில். திருச்சபையின் உபதேசம் நம் தலைமுறை எழுதிக்கொண்டதல்ல, நமக்கு ஒப்புவிக்கப்பட்டது. கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார் என்று கொரிந்தியருக்கு நினைவூட்டும் பவுல், அதைத் தன் கருத்தாகச் சொல்லவில்லை. தான் பெற்றுக்கொண்டதையே அவர்களிடம் ஒப்புவித்ததாகச் சொல்கிறார். அப்போஸ்தலரே வாங்கிக் கொடுத்த ஒன்றைக் குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை. அதே காரணத்தால், அதனோடு என் விருப்பங்களைச் சேர்க்கவும் எனக்கு அதிகாரம் இல்லை. எனக்குப் பிடிக்காதவர்களை அடிக்கும் கோலாக அதை எடுக்கவும் அதிகாரம் இல்லை. பழைய உபதேசத்தைக் காக்கிறோம் என்று புறப்படுகிறவர்களில் பலர் இந்தப் பின்பாதியைக் கைவிட்டுவிடுகிறார்கள். முன்பாதியை நேர்மையாகச் சொல்கிறவர்களுக்கும் அதனால்தான் கெட்ட பெயர் வருகிறது.

ஆகவே பேசுவதற்கு முன், எதற்காகப் பேசப்போகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆராதனையில் எந்த இசைக்கருவி, போதகர் அங்கி அணிய வேண்டுமா, எந்த மொழிபெயர்ப்பை வாசிப்பது என்பதற்கெல்லாம் சபைகள் உடைந்திருக்கின்றன. இவற்றில் ஒன்றுகூட அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணத்திலோ நிசேயா விசுவாசப்பிரமாணத்திலோ இல்லை. குழந்தை ஞானஸ்நானம், பெண்களுக்கு ஆயர் பட்டம், சபை ஆளுகை போன்றவை இவற்றைவிடக் கனமானவை. அவற்றில் எனக்கும் உறுதியான கருத்து உண்டு. ஆனால் மாறுபடுகிறவரை விசுவாசியே அல்ல என்று தள்ள மாட்டேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற ஒரே தேவன், குமாரன் மனுஷனானது, சிலுவை, உயிர்த்தெழுதல், பாவமன்னிப்பு, நித்திய ஜீவன் ஆகியவை வேறு இடத்தில் இருக்கின்றன. இவை போனால் மிச்சமிருப்பதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

இந்தப் பிரிப்பு எப்போதும் சுலபமாக அமைவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உணவு விஷயத்தையே பாருங்கள். ரோமர் 14-இல் பவுல் அதில் தாராளமாக இடம் விடுகிறார்; ஒருவன் எல்லாம் புசிக்கட்டும், இன்னொருவன் மரக்கறி மட்டும் புசிக்கட்டும், ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்காதீர்கள் என்கிறார். அந்தியோகியாவிலோ, புறஜாதி விசுவாசிகளோடு பந்தியில் அமர்வதிலிருந்து பேதுரு விலகிக்கொண்டபோது, அதே பவுல் அவரை முகத்துக்கு முன்பாக எதிர்த்தார். இரண்டு இடத்திலும் சாப்பாடுதான். ஆனால் இரண்டாவது இடத்தில், தேவன் யாரை ஏற்றுக்கொள்கிறார் என்ற சுவிசேஷத்தின் மையமே பந்தியில் கேள்விக்குள்ளானது. பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டால் போதாது. இந்தச் சண்டையில் சுவிசேஷம் தொடப்படுகிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

சர்ச்சைக் காலத்தில் நிற்பது எப்படி என்பதற்கு நான் திரும்பத் திரும்பப் போகும் மனிதர் அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியுஸ். குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த ஒரு காலம் உண்டு என்று அதே நகரத்தின் குருவான ஆரியுஸ் போதித்தார். 325-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா சங்கம் (ஆயர்களின் பேரவை) அதை மறுத்து, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டது. அத்தோடு சண்டை ஓய்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சண்டை சூடுபிடித்ததே அதன் பிறகுதான். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் பேரரசர்கள் மாறினார்கள், அரண்மனையின் விருப்பம் மாறியது, சங்கத்தின்மேல் சங்கம் கூடியது. 359-இல் ரிமினியிலும் செலூக்கியாவிலும் கூடிய ஆயர்கள், நெருக்கடிக்குப் பணிந்து, பூசி மெழுகிய ஓர் அறிக்கைக்குக் கையொப்பம் இட்டார்கள். 328 முதல் 373 வரை பேராயராக இருந்த அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். ஏறத்தாழ 17 ஆண்டுகள் தம் மக்களை விட்டுத் தூரத்திலோ தலைமறைவாகவோ கழித்தார். நிசேயாவின் விசுவாசத்தை உறுதிப்படுத்திய கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் கூடியது 381-இல். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

அவர் ஏன் அசையவில்லை? பதவிப் பிடிவாதம் என்று எதிரிகள் சொன்னார்கள். அவர் எழுத்துகளை வாசித்தால் காரணம் வேறு என்று தெரியும். படைக்கப்பட்ட ஒருவர் மற்றப் படைப்புகளை மரணத்திலிருந்து மீட்டு தேவனோடு இணைக்க முடியாது. இயேசு தேவன் இல்லையென்றால், சிலுவையில் நம்மைத் தேடி வந்தது தேவன் அல்ல, அவர் அனுப்பிய வேறொருவர். எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு பாமர விசுவாசியின் இரட்சிப்பும் குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்ற அந்த வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதே அவருடைய கவலை. உபதேசச் சண்டை எல்லாமே வெறும் வார்த்தைச் சண்டை என்று சலித்துக்கொள்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கமும் உண்டு. 362-இல் நாடுகடத்தலிலிருந்து திரும்பியதும் அலெக்சாந்திரியாவில் ஒரு சிறிய சங்கத்தைக் கூட்டினார். ஒரு தரப்பு தேவனில் மூன்று 'ஹைப்போஸ்டாசிஸ்' (ஆள், உள்ளியல்பு என்று இரண்டு விதமாகவும் புரிந்துகொள்ளப்பட்ட கிரேக்கச் சொல்) என்றது. இன்னொரு தரப்பு ஒன்றே என்றது. இரண்டும் முட்டி மோதிக்கொண்டிருந்தன. அத்தனாசியுஸ் இரண்டு தரப்பையும் கேட்டார்: நீங்கள் இதனால் சொல்ல வருவது என்ன? மூன்று தேவர்கள் என்கிறீர்களா? இல்லை என்றார்கள். பிதாவும் குமாரனும் ஒருவரே, வேறுபாடே இல்லை என்கிறீர்களா? அதுவும் இல்லை என்றார்கள். விசுவாசம் ஒன்றுதான் என்று கண்டு இருவரையும் அணைத்துக்கொண்டார். உயிரே போனாலும் விட்டுக்கொடுக்காத மனிதர், எதிரில் நிற்பவர் உண்மையில் என்ன சொல்கிறார் என்று கேட்க நேரம் ஒதுக்கினார். உபதேசத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் 'கள்ள உபதேசக்காரன்' என்று முத்திரை குத்துவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது.

உயிர்த்தெழுதலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லறை காலியானதா என்பது முக்கியமல்ல, சீஷர்களின் மனதில் ஒரு புதிய நம்பிக்கை பிறந்தது, அதுவே உயிர்த்தெழுதல் என்று விளக்கும் பிரசங்கங்களை நானும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. படித்தவர்களுக்கும் கிறிஸ்தவத்தை ஏற்கத்தக்கதாக்க வேண்டும் என்ற எண்ணத்தில் சொல்கிறார்கள். அடக்க ஆராதனைகளில் 1 கொரிந்தியர் 15-ஐ வாசிக்கும் பொறுப்பு எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. திறந்த குழியின் ஓரத்தில், பிள்ளையை இழந்த தாய்க்கு முன்னால், சீஷர்களின் மனநிலையைப் பற்றிய செய்தி எதற்கும் உதவாது. கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று பவுல் அந்த அதிகாரத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். இது நடந்தது, அல்லது நடக்கவில்லை. நடந்தது என்று நான் விசுவாசிக்கிறேன். அதை உருவகமாக்கிவிட்டுப் பழைய வார்த்தைகளை மட்டும் ஆராதனையில் வைத்துக்கொள்வது துக்கத்தில் இருப்பவர்களுக்குச் செய்யும் அநீதி.

உங்கள் சபையில் எழக்கூடிய வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. அடிமைத்தனத்தை ஒரு காலத்தில் வேத வசனம் காட்டி நியாயப்படுத்தினார்கள், பிறகு சபை மாறியது. இதிலும் மாறினால் என்ன? இதை அலட்சியமாகத் தள்ளாதீர்கள். வசனம் காட்டி அடிமைகளை வைத்திருந்த கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை, வெட்கக்கேடான உண்மை. ஆனால் 4-ஆம் நூற்றாண்டிலேயே நிசா நகரத்து ஆயர் கிரகோரி, பிரசங்கி புத்தகத்தைப் பற்றிய தம் பிரசங்கத்தில், தேவசாயலாகப் படைக்கப்பட்ட மனிதனுக்கு விலை போட உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று எஜமான்களைக் கேட்டார். நிசேயாவின் விசுவாசத்துக்காக வாதாடிய அதே கிரகோரிதான் இவர். அடிமைத்தனத்துக்கு எதிரான குரல் உபதேசத்தைத் தளர்த்தியதால் வரவில்லை. படைப்பையும் மனுவுருவாதலையும் முழுமையாக நம்பியதால் வந்தது. லெரின் மடத்துத் துறவி வின்சென்ட் சுமார் 434-இல் எழுதியபோது, உபதேசம் வளரலாம், குழந்தையின் உடல் வளர்ந்து பெரியவனாவது போல வளரலாம், ஆனால் வேறொன்றாக மாறக் கூடாது என்றார். ஒரு மாற்றம் விசுவாசப்பிரமாணத்தின் உள்ளிருந்து முளைக்கிறதா, அல்லது அதை வெட்டிவிட்டு வேறொன்றை ஒட்டவைக்கிறதா என்று நான் பார்க்கிறேன்.

பழைய உபதேசம் எப்போதும் ஆள்கிறவர்களின் பக்கமே நிற்கும் என்ற எண்ணமும் தவறு. 1934 மே மாதம் ஜெர்மனியின் பார்மனில் கூடிய சபையினர், வேதாகமம் சாட்சியிடும் இயேசு கிறிஸ்துவே நாம் கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய தேவனுடைய ஒரே வார்த்தை என்று அறிக்கையிட்டார்கள். ஹிட்லர் என்ற தலைவருக்கும் நாஜிகளின் இனக் கொள்கைக்கும் சபையைக் கீழ்ப்படுத்த முயன்றவர்களுக்கு எதிராகச் சொன்னது அது. யூதர்கள் படும் துன்பத்தைப் பற்றி அந்த அறிக்கை ஒரு வார்த்தையும் சொல்லாதது அதன் பெரிய குறை.

திருமணம் குறித்த சர்ச்சைதான் இன்று பல திருச்சபைகளைப் பிளந்திருக்கிறது. திருமணம் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வாழ்நாள் முழுதும் இணையும் உடன்படிக்கை என்ற போதனையை நான் ஏற்கிறேன், அதை மறைக்க மாட்டேன். 1998-இல் ஆங்கிலிக்கன் ஆயர்கள் கூடிய லாம்பெத் மாநாடு அதை 526-க்கு 70 என்ற வாக்கில் உறுதிப்படுத்தியது. அதே தீர்மானம் தன்பாலீர்ப்புள்ளவர்கள் தேவனால் நேசிக்கப்படுகிறவர்கள் என்றும், அவர்களது அனுபவத்தைக் கேட்கத் தாங்கள் கடமைப்பட்டிருப்பதாகவும் சொன்னது. முதல் பகுதியை மேற்கோள் காட்டும் என் தரப்பினரில் எத்தனை பேர் இரண்டாவதைச் செய்திருக்கிறார்கள்? மத்தேயு 19-இல் படைப்பின் ஒழுங்கை இயேசு எடுத்துச் சொன்னபோது அவரிடம் கேட்கப்பட்டதே விவாகரத்தைப் பற்றித்தான். அதைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்யாத மேடையிலிருந்து மற்றவர்களை நோக்கி மட்டும் விரல் நீட்டினால், கேட்கிறவர்கள் அதில் உபதேசத்தைக் காண மாட்டார்கள், வெறுப்பையே காண்பார்கள்.

செழிப்பின் உபதேசத்தையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். காணிக்கை கொடுத்தால் பணம் பெருகும், விசுவாசம் இருந்தால் நோயே வராது என்பது சிலுவையின் செய்திக்கு நேர் எதிரானது. நவீன இறையியலாளரைக் கண்டால் கொதிக்கிறவர்கள், கூட்டம் சேர்க்கும் இந்தப் போதகர்களைக் கண்டு மௌனமாக இருப்பது எனக்குப் புரியவே இல்லை. ஏழைகளிடமிருந்து கடைசிக் காசையும் வாங்கும் போதனை எந்த இறையியல் கல்லூரி விரிவுரையையும்விட அதிகப் பாதிப்பை உண்டாக்குகிறது.

இனி, விட்டுப் போவதா என்ற கேள்வி. இதில் உத்தமமான மனிதர்களே ஒத்துப்போகவில்லை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜன், உபதேசம் தளர்கிறது என்று சொல்லி, 1887-இல் பாப்டிஸ்ட் ஒன்றியத்தை விட்டு வெளியேறினார். 1966-இல் லண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில், கலவையான திருச்சபைகளில் சிதறிக் கிடக்கும் சுவிசேஷ விசுவாசிகள் ஒன்றுசேர வேண்டும் என்று போதகர் மார்ட்டின் லாயிட்-ஜோன்ஸ் அழைத்தார்; தலைமை வகித்த ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட் அதே மேடையிலேயே மறுத்துப் பேசினார். அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபையிலிருந்து 2019-க்கும் 2023-க்கும் இடையில் 7,600-க்கும் மேற்பட்ட சபைகள் பிரிந்தன. பிரிவதற்குக் கூட்டத்துக்கு வந்து வாக்களித்த அங்கத்தினரில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு தேவைப்பட்டது. அதாவது, வாக்களித்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வரை தாங்கள் ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்திலேயே அந்நியராகியிருக்கலாம். எந்தப் பக்கம் வென்றாலும் அந்த வலி யாருக்கோ உண்டு.

நான் ஸ்டாட்டின் பக்கம் சாய்கிறேன். ஆராதனையில் விசுவாசப்பிரமாணம் இன்னும் அறிக்கையிடப்படுகிறது, வேதம் வாசிக்கப்படுகிறது, உங்கள் வாயை யாரும் கட்டவில்லை என்றால் இருங்கள். வேதபாட வகுப்பு எடுங்கள். பிள்ளைகளுக்கு விசுவாசப்பிரமாணத்தை வரிவரியாகச் சொல்லிக்கொடுங்கள். பல சபைகளில் அதை மனப்பாடமாகச் சொல்கிறவர்களுக்கே அர்த்தம் தெரியாது. பிரசங்கத்தில் பிழை என்று தோன்றினால், மத்தேயு 18 சொல்கிறபடி முதலில் தனியாகப் போய் உங்கள் போதகரிடம் கேளுங்கள்: "ஐயா, கிறிஸ்து சரீரத்தோடு எழுந்தார் என்று நீங்கள் விசுவாசிக்கிறீர்களா?" பலமுறை பதில் 'ஆம்' என்றே வரும்; சொன்ன விதம்தான் குழப்பியிருக்கும். 'இல்லை' என்று வந்தால் மூப்பர்களிடம் எழுத்தில் கொடுங்கள். திருச்சபையே அதிகாரபூர்வமாக விசுவாசப்பிரமாணத்தை மறுத்தால், அல்லது அதை அறிக்கையிடக் கூடாது என்று உங்களைத் தடுத்தால், அப்போது வெளியேறலாம். அப்படிப் போகும்போது சொத்துக்காக வழக்காடாதீர்கள். தங்கிவிடுகிறவர்களைப் பற்றி அவதூறு பேசாதீர்கள். அங்கே தங்கும் வயதானவர்களையும் நோயாளிகளையும் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.