சிஸ்பிளாட்டினை டிஎம்எஸ்ஓ-வில் கரைத்து வைக்கலாமா?

கேள்வி: புற்றுச் செல்களின் மீது சோதிப்பதற்காகச் சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினப் புற்றுநோய் மருந்தை டைமெத்தில் சல்ஃபாக்சைடில் (டிஎம்எஸ்ஓ) கரைத்து ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். சோதனைக்குச் சோதனை அதன் வீரியம் குறைகிறது. மருந்துத் தூள் தரமற்றதா?

பதில்: தூளைக் குறை சொல்வதற்கு முன் கரைப்பானைப் பார்க்க வேண்டும். பல கரிம மருந்துகளுக்கு டிஎம்எஸ்ஓ வெறும் ஊடகம்தான். சிஸ்பிளாட்டினுக்கோ அது வினைபடுபொருள்.

காரணம் மூலக்கூறின் வடிவத்தில் இருக்கிறது. சிஸ்பிளாட்டினில் உள்ள பிளாட்டினம் +2 ஆக்சிஜனேற்ற நிலையில், 5டி ஆர்பிட்டால்களில் 8 எலக்ட்ரான்களுடன் இருக்கிறது. இரண்டு அம்மோனியாவும் இரண்டு குளோரைடும் ஒரே தளத்தில் சதுரத்தின் மூலைகளில் அமைந்திருக்க, தளத்தின் மேற்புறமும் கீழ்ப்புறமும் ஈனிகள் (உலோகத்தோடு பிணையும் அயனிகள் அல்லது மூலக்கூறுகள்) இன்றித் திறந்திருக்கின்றன. வெளியிலிருந்து வரும் கருக்கவர் பொருள் (எலக்ட்ரான் இணையைத் தந்து பிணைவது) அந்தத் திறந்த பக்கத்தின் வழியாக உலோகத்தோடு பிணைந்து, ஐந்து ஈனிகள் கொண்ட முக்கோண இருபிரமிடு அமைப்பு உருவான பின்னரே பழைய ஈனி விலகுகிறது. எனவே வினைவேகம், வருவது எது, அது எவ்வளவு செறிவில் உள்ளது என்பவற்றைப் பெரிதும் சார்ந்தது. டிஎம்எஸ்ஓ-வின் கந்தகத்துக்குப் பிளாட்டினத்தின் மீது நாட்டம் உண்டு. தூய திரவத்தில் அதன் செறிவோ லிட்டருக்குச் சுமார் 14 மோல். ஒரு குளோரைடு வெளியேறி, கந்தகத்தின் வழியே டிஎம்எஸ்ஓ பிணைந்த நேர்மின் அயனி உருவாகிறது. குளிர் இதை மந்தப்படுத்தும். ஆனால் புட்டியை உருக்கும் ஒவ்வொரு முறையும் வினை தொடரும். இதே வகைப் பிளாட்டின மருந்துகளான கார்போபிளாட்டினும் ஆக்சாலிபிளாட்டினும்கூட இவ்வாறே வீரியம் இழப்பதை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஒப்பீட்டுக்காக, மருந்தின்றி டிஎம்எஸ்ஓ மட்டும் சேர்த்த கட்டுப்பாட்டுக் குழி இந்தப் பிழையைப் பிடிக்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது கரைப்பானின் நச்சுத்தன்மையைக் கணக்கில் எடுக்குமே தவிர, மருந்து வேறொரு சேர்மமாக மாறிவிட்டதைச் சொல்லாது. ஐயமிருந்தால் பிளாட்டினம்-195 என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) நிறமாலை எடுத்துப் பாருங்கள். கந்தகம் பிணைந்ததும் குறிகை ஏறத்தாழ 1000 பிபிஎம் அளவுக்கு இடம்பெயரும்.

மாற்று எளியது: 0.9 சதவீத சோடியம் குளோரைடு கரைசல் (சலைன்). தண்ணீரும் இதே வழியில் குளோரைடை இடம்பெயர்க்கக்கூடியதே. குளோரைடு குறைந்த செல்லுக்குள் அப்படி நடப்பதால்தான் மருந்து டிஎன்ஏ-வின் குவானினைப் பற்றுகிறது. சலைனில் உள்ள 154 மில்லிமோலார் குளோரைடு அந்த வினையைப் பின்னுக்குத் தள்ளி வைக்கும். மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம், அதாவது சுமார் 3.3 மில்லிமோலார், செல் சோதனைகளுக்குத் தாராளம். ஃப்ரிட்ஜில் வைத்தால் படிகமாகப் பிரியும். அறை வெப்பநிலையில், ஒளி படாமல், அவ்வப்போது புதிதாகத் தயாரிப்பதே நல்லது. அலுமினியப் பாகமுள்ள ஊசிகள் வேண்டாம். அலுமினியம் பிளாட்டினத்தை உலோகமாக ஒடுக்கிவிடும்.

டிஎம்எஸ்ஓ-வில் கரைந்த வேறொரு மருந்தைச் சேர்த்துச் சோதிப்பதாயின், இரண்டையும் ஒரே குழாயில் முன்கூட்டிக் கலக்காமல், வளர்ப்பு ஊடகத்தில் தனித்தனியே சேருங்கள். இறுதி அளவு 0.1 சதவீதமானால் டிஎம்எஸ்ஓ-வின் செறிவு 14 மில்லிமோலாருக்கு இறங்கிவிடும். ஊடகத்தில் குளோரைடும் போதிய அளவில் இருப்பதால் பாதிப்பு வெகுவாகக் குறையும். பழைய கரைசலில் பெற்ற அளவீடுகளை ஆய்வேட்டில் சேர்க்காமல், புதிய கரைசலில் திரும்பச் செய்துவிடுங்கள்.