கடவுள் நீதியுள்ளவர் என்றால் குற்றவாளியை மன்னிப்பது எப்படி? மற்றவர்களை நாம் நியாயந்தீர்க்கவே கூடாதா?

இந்தக் கேள்வியோடு நான் பல வருடங்கள் மல்லுக்கட்டியிருக்கிறேன். என்னோடு ஒரே சபையில் ஜெபித்த ஒருவர், கூட்டுத் தொழிலில் என் பங்குப் பணத்தை எடுத்துக்கொண்டு விலகிப்போனார். அதன்பின் வேதாகமத்தின் சங்கீதங்களில் (ஜெபப் பாடல்களில்) எனக்குப் பிடித்தவையெல்லாம் 'எழுந்தருளும், நியாயம் செய்யும்' என்று முறையிடுகிற பகுதிகள்தான். என் பாவங்களுக்காக ஜெபிக்கும்போது இரக்கம் கேட்பேன். அவர் பெயர் வந்தால் நீதி கேட்பேன். இரண்டும் ஒரே ஜெபத்தில் வரும். அதில் முரண் இருப்பதே எனக்குத் தெரியவில்லை.

தெரியவைத்தது, வேதாகமத்தில் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதை. ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன் மன்னிக்கப்படுகிறான். வெளியே வந்ததும், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் அந்நாளில் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் முதல் கடன் ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கும் மேலான கூலி. இரண்டாவது மூன்று மாதத்துக்குச் சற்று அதிகம். மூன்று மாதக் கூலி அற்பத் தொகை அல்ல என்பதைக் கவனியுங்கள். எனக்கு ஏற்பட்ட இழப்பை இயேசு சிறிதாக்கவில்லை. அதை எதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் காட்டினார்.

நீதி எங்கே போயிற்று என்கிற உங்கள் கேள்விக்கும் இந்தக் கதையிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ராஜா கடனைத் தள்ளுபடி செய்தபோது பணம் மாயமாகிவிடவில்லை. அந்த நஷ்டம் முழுவதும் ராஜாவின் தலையில் விழுந்தது. மீதிப் பதிலைச் சிலுவையில் காண்கிறோம். குற்றத்தைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டால் கடவுள் நீதிபதியாக இருக்க முடியாது. தண்டித்துவிட்டு ஒதுங்கியிருந்தால் நமக்கு நம்பிக்கையே இல்லை. ஆகவே கிறிஸ்துவில் தாமே அந்தச் செலவை ஏற்றார். அவர் நீதியுள்ளவராக இருந்துகொண்டே பாவியை நீதிமானாக்குகிறவர் என்று ரோமர் 3:26-இல் அப்போஸ்தலர் பவுல் சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அடுத்து, நியாயந்தீர்ப்பது. மத்தேயு 7-இல் வரும் துரும்பும் உத்திரமும் (பிறரின் சிறு குறையும் நம் பெரிய குறையும்) எல்லோருக்கும் தெரியும். ஆனால் பலரும் ஐந்தாம் வசனத்துக்கு முன்பே நின்றுவிடுகிறார்கள். முதலில் உன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடு, பின்பு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்கிறது அது. துரும்பு அங்கேயே கிடக்கட்டும் என்று இயேசு சொல்லவில்லை. தோற்றத்தின்படி அல்ல, நீதியின்படி தீர்ப்புச் செய்யுங்கள் என்றும் யோவான் 7:24-இல் அவரே சொல்கிறார். தவறைத் தவறென்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஏமாற்றப்பட்டவரிடம் போய் 'நியாயந்தீர்க்காதே' என்று வாயடைப்பது வேதவசனத்தைத் தவறாகப் பயன்படுத்துவது. அதை நானே அனுபவித்திருக்கிறேன், மிகவும் வலிக்கும். நம் கையில் கொடுக்கப்படாதது இறுதித் தீர்ப்பு மட்டுமே. இவன் இவ்வளவுதான், இவனுக்கு இனி வழியில்லை என்று ஒரு மனிதனின் முடிவை எழுதும் உரிமை நமக்கு இல்லை.

மத்தேயு 18-இல் அந்தக் கதைக்குச் சற்று முன்னால், 15-ஆம் வசனத்தில், இன்னொன்றும் இருக்கிறது: குற்றம் செய்த சகோதரனிடம் தனியாகப் போய் அதை அவனுக்கு உணர்த்து. நான் என் கதையைக் குறைந்தது பத்துப் பேரிடம் சொல்லியிருந்தேன். அவரிடம் மட்டும் போகவில்லை. கடைசியில் போனேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, பணமும் வரவில்லை. ஆனால் அன்றிரவு அவருக்குத் தண்டனை கேட்காமல் ஜெபிக்க என்னால் முடிந்தது. அதன் பிறகும் பலமுறை பழைய கோபம் திரும்பி வந்தது, மறுபடி மன்னிக்க வேண்டியிருந்தது.

சில மாதங்களுக்கு முன் ஒருவர், அதே மனிதரோடு சேர்ந்து தொழில் தொடங்கலாமா என்று என்னிடம் கேட்டார். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன், பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். "அப்படியானால் அவர் திருந்தவே மாட்டார், இல்லையா?" என்றார். அது எனக்குத் தெரியாது என்றேன்.