முதல் பதிப்பும் ஆசிரியரின் கையெழுத்தும்: கேள்வி பதில்

இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாவல்கள், சிறுகதைத் தொகுப்புகளின் முதல் பதிப்புகளைத் தேடிச் சேர்த்து வருகிறேன். கேளுங்கள் என்று சொன்னதும் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என்னிடம் இருக்கும் நாவலில் 'முதல் பதிப்பு' என்றே அச்சிட்டிருக்கிறார்கள். அது போதாதா சார்?

போதாது. பதிப்பு வேறு, அச்சு வேறு. ஒருமுறை அச்சுக்கோத்த பக்கங்களை மாற்றாமல் பத்து தடவை அச்சடித்தாலும் பத்தும் முதல் பதிப்புதான். சேகரிப்பவர்கள் தேடுவது அந்தப் பதிப்பின் முதல் அச்சை. பேச்சில் இரண்டையும் 'பதிப்பு' என்றே சொல்லிவிடுகிறோம், அதனால்தான் இத்தனை குழப்பம்.

தலைப்புப் பக்கத்தின் பின்னால் பதிப்புரிமைப் பக்கம் இருக்கும். சில பத்தாண்டுகளாக வரும் ஆங்கில நூல்களில் பெரும்பாலும் அங்கே ஓர் எண் வரிசையைப் பார்க்கலாம்: 10 9 8 7 6 5 4 3 2 1. அதில் இருப்பதிலேயே சிறிய எண் எதுவோ, உங்கள் கையில் இருப்பது அத்தனையாவது அச்சு. சிலர் 1 3 5 7 9 10 8 6 4 2 என்று மாற்றிப் போடுவார்கள். கணக்கு அதேதான்.

ஆனால் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் வழக்கம் மாறும். ரேண்டம் ஹவுஸ் பல ஆண்டுகள் முதல் அச்சில் 'முதல் பதிப்பு' என்ற சொற்களையும் 2இல் தொடங்கும் வரிசையையும் சேர்த்துப் போட்டது. இரண்டாம் அச்சில் அந்தச் சொற்களை மட்டும் எடுத்துவிடுவார்கள். இது தெரியாமல் அருமையான முதல் அச்சை வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஸ்கிரிப்னர்ஸ் நிறுவனம் 1930 முதல் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை அடையாளமாகப் போட்டது. ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' (1952) நாவலின் முதல் அச்சில் அந்த 'ஏ' இருக்கும். ஆகவே நீங்கள் சேர்க்க நினைக்கும் எழுத்தாளருக்கு, ஒவ்வொரு அச்சின் அடையாளங்களையும் பட்டியலிடும் நூல்விவரத் தொகுப்பு ஏதாவது வந்திருந்தால் முதலில் அதை வாங்குங்கள். நாவல்களை அப்புறம் வாங்கலாம்.

கேள்வி: அச்சுப் பிழை இருந்தால் மதிப்பு கூடும் என்கிறார்களே, உண்மையா?

பிழைக்கென்று மதிப்பு கிடையாது. அது எந்த அச்சு என்பதைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி, அவ்வளவுதான். ஹெமிங்வேயின் 'தி சன் ஆல்சோ ரைசஸ்' (1926) முதல் அச்சில் 181ஆம் பக்கம் 26ஆம் வரியில் 'ஸ்டாப்ட்' என்ற சொல்லில் மூன்று 'பி' விழுந்திருக்கும். ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' (1925) என்றால் 205ஆம் பக்கத்தில் 'சிக்கன்டயர்ட்' என்பது 'சிக் இன் டயர்ட்' என்று விழுந்திருக்கும். பின்னால் வந்த அச்சில் திருத்திவிட்டார்கள். எல்லா அச்சிலும் திருத்தப்படாமலே போன பிழை உங்களுக்கு எதையும் சொல்லாது.

கேள்வி: மேலுறை கிழிந்திருக்கிறது, பார்க்கவே நன்றாக இல்லை. கழற்றி எறிந்துவிட்டுப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

தயவுசெய்து வேண்டாம்! இந்த ஒரு கேள்விக்காகவே நான் உட்கார்ந்து எழுதலாம்.

மேலுறை முதலில் வெறும் தூசிக்காகப் போடப்பட்ட தாள். கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் கழற்றி எறிந்துவிடுவார்கள். அதனால்தான் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி நாவல்களில் நூல் கிடைக்கிறது, உறை கிடைப்பதில்லை. 'கேட்ஸ்பி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உறை நூலைவிடக் கொஞ்சம் உயரம் அதிகம். அலமாரியில் வைத்தாலே விளிம்பு நைந்துவிடும். பின்பக்கத்தில் கதாநாயகன் பெயரின் முதல் எழுத்தான 'ஜே'யைச் சின்ன எழுத்தாக அச்சிட்டுவிட்டு, பிரதி பிரதியாகக் கையால் திருத்தினார்கள். அந்த உறையோடு ஒரு பிரதி வந்தால் பெரிய ஏலம் நடக்கும். உறை இல்லாத பிரதிக்கு அதில் ஒரு சிறு பங்குதான் தருவார்கள். உள்ளே இருக்கும் நாவல் ஒன்றேதான். இருந்தும் அந்த ஒற்றைத் தாள்தான் மதிப்பின் பெரும்பகுதியைச் சுமக்கிறது.

கிழிந்த உறையை அப்படியே விடுங்கள். செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு யாராலும் முழுதாக எடுக்க முடியாது. அமிலமில்லாத பாலியெஸ்டர் உறை, மைலார் என்பார்கள், அதற்குள் போட்டு வையுங்கள். கிழிசல் மேலும் போகாது.

இன்னொன்று: நகல் உறைகள். உறை இல்லாத நூலுக்கு, மூல உறையை ஸ்கேன் செய்து அச்சிட்டுப் போடுகிறார்கள். நகல் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றால் தப்பில்லை. என் ஆரம்ப நாட்களில் ஒருவர் சொல்லாமல் விற்றார். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தபோது எழுத்துகளின் ஓரமெல்லாம் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள். அந்தக் காலத்து அச்சில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். அன்று இரவு தூக்கமே வரவில்லை. அதிலிருந்து பூதக்கண்ணாடி இல்லாமல் நான் புத்தகம் வாங்கப் போவதில்லை.

கேள்வி: உறையின் உள்மடிப்பில் ஒரு மூலை வெட்டியிருக்கிறது. பூச்சியா?

இல்லை, பரிசாகக் கொடுத்தவர் விலையை வெட்டியிருப்பார். மதிப்பு கொஞ்சம் குறையும். விலையே அச்சிடப்படாத உறை என்றால் எச்சரிக்கை தேவை. புத்தக மன்றத்தினர் தங்கள் உறுப்பினர்களுக்காகத் தனியே அச்சிட்ட மலிவுப் பதிப்பாக இருக்கலாம். பின் அட்டையின் கீழ் மூலையில் சின்னதாக ஒரு குழிவு முத்திரை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் அது மன்றப் பதிப்புதான். மூலை வெட்டிய உறைக்குள் அதை மறைத்து விற்பதும் உண்டு.

கேள்வி: ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கும்போது என் பெயரையும் எழுதச் சொல்லலாமா அண்ணா? வெறும் கையெழுத்து மட்டும்தான் நல்லது என்கிறார்கள்.

விற்கும் எண்ணம் இருந்தால் வெறும் கையெழுத்து, தலைப்புப் பக்கத்தில். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வேறொருவர் பெயரை விரும்புவதில்லை. ஆனால் நான் எப்போதும் தேதியும் ஊரும் எழுதித் தரச் சொல்வேன். நூல் வெளியான வாரத்திலேயே போட்ட கையெழுத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

பெயர் எழுதியது எல்லாமே மட்டம் என்றும் நினைக்காதீர்கள். இரண்டு வரி எழுதியிருந்தால் அதைப் போலியாக எழுதுவது கடினம், ஒப்பிட்டுப் பார்க்க எழுத்துகளும் நிறையக் கிடைக்கும். அப்புறம், எழுத்தாளர் தன் ஆசிரியருக்கோ நண்பருக்கோ பதிப்பாசிரியருக்கோ எழுதிக்கொடுத்த பிரதி இருக்கிறதே, சேகரிப்பில் அதற்கு மேல் எதுவும் இல்லை என்பேன். அந்த இரண்டு மனிதர்களின் கைகளும் பட்ட பொருள் அது.

பேனா விஷயம்: பால்பாயின்ட் அடுத்த தாளில் தடம் பதிக்கும். தடித்த மார்க்கர் மறுபக்கம் ஊறும். நிறமி மை கொண்ட மெல்லிய முனைப் பேனாவை நீங்களே கொண்டுபோங்கள். கையெழுத்தானதும் மூடாமல் ஒரு நிமிடம் திறந்தே பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கையெழுத்து உண்மையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சான்றிதழோடு விற்கிறார்களே?

சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதில் எழுதியிருப்பவர் யார், தவறென்றால் பணம் திரும்பத் தருவாரா என்பதுதான் கேள்வி.

முதலில் மையைப் பாருங்கள். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்தால் பேனா அழுத்திய பள்ளம் தெரியும், கோடுகள் குறுக்கிடும் இடத்தில் மை கூடுதலாகத் தேங்கியிருக்கும். நூலோடு சேர்த்தே அச்சிட்ட கையெழுத்தில் இது எதுவும் இருக்காது. அடுத்தது ஓட்டம். தினமும் ஆயிரம் தடவை போட்ட கை தயங்காது. பார்த்து வரைகிற கை நடுவில் நின்று நின்று போகும், முடிவில் கோடு மெலியாமல் சட்டென்று நிற்கும். எழுத்தாளர்களின் கையெழுத்து வயதோடு மாறும் என்பதால், அதே காலத்தில் போட்ட உறுதியான கையெழுத்துகளோடுதான் ஒப்பிட வேண்டும்.

இயந்திரக் கையெழுத்து, அதாவது பேனாவைப் பிடித்து ஓர் இயந்திரம் போடும் கையெழுத்து, இன்னொரு தொல்லை. 2022இல் பாப் டிலனின் கட்டுரை நூலை, கையால் ஒப்பமிட்டது என்ற உறுதியோடு 900 பிரதிகள், ஒன்று 599 டாலருக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் தங்கள் பிரதிகளைப் படமெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கையெழுத்துகள் அப்படியே ஒன்றுபோல இருந்தன! பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தந்தது, டிலனும் வருத்தம் தெரிவித்தார். கண்டுபிடித்தது நிபுணர்கள் அல்ல, வாங்கிய வாசகர்கள்தான். உங்களிடம் இருப்பதையும் பிறரிடம் இருப்பதோடு ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். மனிதக் கை இரண்டு முறை ஒரே மாதிரி போடாது.

எழுத்தாளரின் பழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். கார்மக் மெக்கார்த்தி 'தி ரோட்' நாவலில் தான் ஒப்பமிட்ட பிரதிகள் 250 என்றும், அத்தனையும் தன் மகனுக்கே என்றும் 2009இல் ஒரு பேட்டியில் சொன்னார். அப்படியிருக்க, ஒப்பமிட்ட பிரதி மலிவாக வருகிறதென்றால் நீங்களே யோசியுங்கள்.

கேள்வி: மொழிபெயர்ப்பின் முதல் பதிப்பைச் சேர்க்கலாமா?

தாராளமாக. மூலமொழியில் வந்ததுதான் உண்மையான முதல் பதிப்பு, ஆனால் நீங்கள் வாசித்து உருகிய மொழியில் முதலில் வந்ததற்கும் ஒரு மரியாதை உண்டு. மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' 1967இல் புவனோஸ் ஐரிஸில் சுதமெரிக்கானா பதிப்பகம் வெளியிட்டது. முதல் அச்சின் அட்டையில் காட்டுக்குள் சிக்கிய ஒரு கப்பல் இருக்கும். அடுத்த மாதமே வந்த இரண்டாம் அச்சில் அட்டை வேறு. 1970இல் வந்த கிரிகரி ரபாஸாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் உறையின் முன் மடிப்பைப் பாருங்கள். முதல் பத்தி ஆச்சரியக்குறியில் முடிந்தால் முதலில் வந்த உறை, முற்றுப்புள்ளி என்றால் பின்னால் வந்தது. ஒரு குறிக்காக மனிதர்கள் இப்படி அலைகிறார்களே என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். அந்தக் குறியைக் கண்ட நாளில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

கேள்வி: முதலீடாக வாங்கலாமா?

வேண்டாம். பெரும்பாலான நாவல்களின் முதல் அச்சு என்றைக்கும் விலை ஏறாது. விருது அறிவித்த வாரத்தில் ஏறுவது பல நேரம் இறங்கிவிடும். விற்கப் போனால் வியாபாரி தன் லாபம் போகத்தான் தருவார்.

கேள்வி: எப்படிப் பாதுகாப்பது? அந்துருண்டை போடலாமா?

அந்துருண்டையின் நெடி தாளில் ஏறினால் போகாது, உடலுக்கும் கெடுதல். ராமபாணப் பூச்சி ஈரத்தைத் தேடித்தான் வரும். காற்றின் ஈரப்பதத்தை 35 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்தால் பூச்சியும் குறையும், பழுப்புப் புள்ளிகளும் குறையும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி அலமாரிக்குள்ளேயே வையுங்கள். வெயில் படும் சுவர் வேண்டாம், சிவப்பு முதுகுகள்தான் முதலில் வெளுக்கும். பிவிசி உறைகளும் வேண்டாம். நூல்களை நெட்டாக நிறுத்துங்கள், இறுக்கித் திணிக்காதீர்கள். எடுக்கும்போது முதுகின் உச்சியில் விரலைக் கொக்கி மாதிரி போட்டு இழுப்பது பலருடைய பழக்கம். அங்கேதான் கிழியும். இரண்டு பக்கத்து நூல்களையும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் பிடித்து எடுங்கள்.

கேள்வி: தாத்தா விட்டுப்போன நாவல் முதல் அச்சு என்று தெரிந்தது. முதல் பக்கத்தில் அவர் பெயரையும் வாங்கிய தேதியையும் மையால் எழுதியிருக்கிறார். அழித்தால் விலை கூடுமா?

கூடாது. மையை அழிக்கப் போனால் தாளின் மேற்பரப்பு உரிந்து அங்கே ஒரு வெளிறிய தழும்பு நிற்கும். பெயரைவிட அது மோசம். பழைய உரிமையாளர் பெயரைச் சேகரிப்பவர்கள் குறித்துக்கொள்வார்கள், கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அந்தத் தேதியைப் பதிப்பு ஆண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே ஆண்டாக இருந்தால், நாவல் வெளிவந்த சூட்டிலேயே உங்கள் தாத்தா வாங்கியிருக்கிறார். அந்த நூலோடு ரசீது, பழைய புக்மார்க், உள்ளே செருகிய கடிதம் ஏதாவது இருந்தால் எடுத்துத் தனிக் கவரில் போட்டு, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பென்சிலால் கவரின்மேல் எழுதி, நூலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.