அரசாங்கம் செலவைக் குறைச்சா நம்ம வேலூர் பக்கத்து பெருசுங்களுக்கும் எக்ஸ் சர்வீஸ்மேனுக்கும் என்ன பாதிப்பு?

குறைக்கிறோம்னு வெளிப்படையா சொல்லவே வேணாம், ஏத்தாம விட்டாலே போதும். 80 வயசுக்கு கீழ முதியோர் பென்ஷன்ல சென்ட்ரல் பங்கு பல வருஷமா அதே 200 ரூபாதான், 1200 கைக்கு வருதுன்னா மீதிய ஸ்டேட் போடறதாலதான். ரயில்ல 60 தாண்டின ஆம்பளைங்களுக்கு 40%, 58 தாண்டின பொம்பளைங்களுக்கு 50% சலுகை இருந்துச்சே, 2020 மார்ச்சுல நிறுத்திட்டாங்க, காட்பாடில ஏறுற தாத்தா பாட்டிக்கெல்லாம் அதுவே பெரிய அடி.

எக்ஸ் சர்வீஸ்மேன் கதை வேற. கம்மவான்பேட்டை மாதிரி மிலிட்டரிக்காரங்க நிறைஞ்ச ஊர்ல எல்லாரும் நம்பறது ஈசிஹெச்எஸ் கார்டைத்தான், அதாவது எக்ஸ் சர்வீஸ்மேனுக்கான மருத்துவத் திட்ட கார்டு. நிதி லேட்டானா ஆஸ்பத்திரி பில்லு பெண்டிங்ல நிக்கும், அப்புறம் ஆஸ்பத்திரிக்காரங்க "முதல்ல கட்டுங்க, பின்னாடி க்ளெய்ம் பண்ணிக்குங்க"ன்னுடுவாங்க, அந்தத் திட்டத்தோட பாலிகிளினிக்ல சுகர் மாத்திரை ஸ்டாக் இல்லன்னா வெளில வாங்கணும். சென்னைல இருக்கறவர் வேற ஆஸ்பத்திரி பாத்துக்குவாரு, இங்க கிராமத்துல இருக்கறவர் முட்டி வலியோட மறுபடி வேலூருக்கு பஸ் ஏறணும்.