படம் எடுக்காவிட்டால் உரிமை திரும்புமா?

கேள்வி: எங்கள் தோட்டத்து இளைஞர் மன்றத்தின் தீபாவளி மலருக்காக, 19 வயதான என் மகன் ஒரு வீரநாயகனைப் படைத்துச் சித்திரக்கதை வரைந்தான். மன்றம் அவனுக்கு 300 ரிங்கிட் கொடுத்தது. இப்போது கோலாலம்பூரைச் சேர்ந்த ஒருவர், அதைப் படக் கம்பெனியில் சேர்த்துவிடுவதாகக் கூறி, 2,000 ரிங்கிட் முன்பணத்துடன் ஆங்கில ஒப்பந்தம் ஒன்றை நீட்டுகிறார். “படம் எடுக்காவிட்டால் உரிமை தானாகவே உங்களிடம் வந்துவிடும், ஸ்பைடர்மேனுக்கும் அப்படித்தான்” என்கிறார். நம்பலாமா? (ஒரு தாயார், சுங்கை சிப்புட்)

பதில்: அம்மா, இப்போதைக்கு மகனைக் கையெழுத்திட விடாதீர்கள். அந்த நபர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. உரிமை தானாக ஒருபோதும் திரும்புவதில்லை. திரும்பும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், எழுதிய காலத்தில், எழுதிய நிபந்தனைப்படி மட்டுமே அது திரும்பும்.

ஸ்பைடர்மேன் என்ற பாத்திரம் மார்வெல் நிறுவனத்துக்கே சொந்தம். அதை வைத்துத் திரைப்படம் எடுக்கும் உரிமையை மட்டுமே சோனி 1999-இல் பெற்றது. நிலத்தைக் கிரயம் செய்து கொடுப்பதற்கும் குத்தகைக்கு விடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. பின்னாளில் கசிந்து வெளிவந்த அவர்களுடைய ஒப்பந்தத்தின்படி, ஒரு படம் வெளியானதிலிருந்து 3 ஆண்டு 9 மாதங்களுக்குள் அடுத்த படத்தின் தயாரிப்பைத் தொடங்க வேண்டும். 5 ஆண்டு 9 மாதங்களுக்குள் அதை வெளியிட வேண்டும். தவறினால் உரிமை மார்வெலுக்குத் திரும்பிவிடும். மார்வெலின் இன்னொரு பாத்திரமான டேர்டெவிலுக்கு அதுதான் நேர்ந்தது. 2003-இல் அதைப் படமாக்கிய ஃபாக்ஸ் நிறுவனம் அடுத்த படத்தைக் கெடுவுக்குள் தொடங்காததால், உரிமை மார்வெலுக்கே போய்ச் சேர்ந்தது.

ஆனால் கெடு எழுதப்பட்டிருப்பது மட்டும் போதாது. மார்வெலின் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ பாத்திரங்களின் திரையுரிமையை வைத்திருந்த ஜெர்மன் தயாரிப்பாளர் பெர்ன்ட் ஐக்கிங்கரின் கெடு 1992 டிசம்பரோடு முடிய இருந்தது. அதே மாத இறுதியில், ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் செலவில், ரோஜர் கோர்மன் தயாரிப்பில் ஒரு படப்பிடிப்பு அவசர அவசரமாகத் தொடங்கியது. அந்தப் படம் இன்றுவரை முறையாகத் திரைக்கு வரவில்லை. நடித்தவர்களின் உழைப்பெல்லாம் வீணாயிற்று. உரிமை மட்டும் கை மாறாமல் நின்றது. அதன் பலனாகவே 2005-இல் பெரும் பொருட்செலவில் வேறொரு படம் வந்தது. ஆகவே “படம் எடுத்தால்” என்று மட்டும் எழுதிய ஒப்பந்தத்தை ஏற்காதீர்கள். எத்தனை ஆண்டுக்குள், குறைந்தது எவ்வளவு செலவில், திரையரங்கில் வெளியாக வேண்டுமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

இடைத்தரகர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. தோட்டத்துப் பிள்ளைகள் வரைந்ததைக் குறைந்த விலைக்கு எழுதி வாங்கி, பத்துப் பதினைந்து பாத்திரங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, எதையும் படமாக்காமல் எப்போதாவது ஒரு கம்பெனி வரும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களுடைய ஒப்பந்தங்களில் “எக்காலத்துக்கும்”, “உலகெங்கும்”, “இனிக் கண்டுபிடிக்கப்படும் ஊடகங்களிலும்” என்ற பொருள்தரும் சொற்கள் தவறாமல் இருக்கும்; கெடு இருந்தாலும், அது தானாகவே புதுப்பிக்கப்படும் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி ஒளிந்திருக்கும். முன்பணம் கைக்கு வரும் மகிழ்ச்சியில் அந்த வரியை யாரும் படிப்பதில்லை. சூப்பர்மேனைப் படைத்த சீகலும் ஷுஸ்டரும் 1938-இல் 130 டாலருக்கு எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு பல பத்தாண்டுகள் வழக்காடினார்கள். வாட்ஸ்அப்பில்கூட “சம்மதம்” என்று பதில் அனுப்ப வேண்டாம். 2006-ஆம் ஆண்டின் மின்னணு வணிகச் சட்டம் அத்தகைய செய்தியையும் எழுத்தாக ஏற்க இடமளிக்கிறது.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். பதிப்புரிமை பொதுவாகப் படைத்தவருக்கே சொந்தம். ஆனால் நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் படைக்கப்பட்ட படைப்பின் உரிமை, வேறுவிதமாகப் பேசி முடிவு செய்யாத வரையில், கேட்டவருக்கு மாறிவிட்டதாகவே கருதப்படும். மன்றம் தந்த 300 ரிங்கிட் அன்பளிப்பா, வரைவதற்கான கூலியா? மன்றம்தான் கேட்டு வரைய வைத்ததா, மகன் முன்பே வரைந்து வைத்திருந்ததை மலருக்குக் கொடுத்தானா? கேட்டு வரைந்தது என்றால், விற்கப் புறப்பட்ட நாயகனே சட்டப்படி மன்றத்துடையதாக இருக்கலாம். தரகர் இதைக் கண்டுபிடித்தால் உங்களை விட்டுவிட்டு மன்றத் தலைவரிடம் போய்விடுவார். அந்தப் பாத்திரத்தில் மன்றத்துக்கு உள்ள உரிமை அனைத்தையும் மகனுக்கு மாற்றித் தருவதாக, மன்றப் பொறுப்பாளர்களின் கையெழுத்துடன் உடனே ஒரு கடிதம் பெறுங்கள். பதிப்புரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று 27-ஆம் பிரிவு சொல்வதால், வாய்மொழி உறுதி எதற்கும் உதவாது.

எழுத்தை இவ்வளவு கண்டிப்பாகக் கேட்கும் சட்டம், கையெழுத்திடுபவருக்குப் புரியும் மொழியில் அந்த எழுத்து இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. தமிழ்ப் பள்ளியில் படித்து, தோட்டத்திலேயே வளர்ந்த ஒருவரிடம் ஆறு பக்க ஆங்கிலத்தை நீட்டிக் கையொப்பம் வாங்குவதை எந்த அதிகாரியும் கேள்வி கேட்பதில்லை. தமிழில் ஒரு வழிகாட்டிக் கையேடு அச்சிட்டுத் தோட்டங்களுக்கு அனுப்புவதற்கு என்ன பெரிய செலவாகிவிடும்?

அந்தக் கடிதம் கைக்கு வந்ததும், மூலப்படங்களின் நகலை இணைத்து, இவற்றின் பதிப்புரிமை தனக்கே சொந்தம் என்று சத்தியப் பிரமாண ஆணையர் (Commissioner for Oaths) முன்னிலையில் மகன் ஒரு சட்டபூர்வ உறுதிமொழி அளிக்கட்டும். 42-ஆம் பிரிவு அதைச் சான்றாக ஏற்கிறது. மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்திலும் படைப்பைத் தெரிவித்து வைக்கலாம். அது கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுவது நல்லது. பிறகு தரகரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: உரிமையை விலைக்கு வாங்காமல், திரைப்படத்துக்கு மட்டும், இரண்டு ஆண்டுகளுக்கு, புதுப்பிப்பு இல்லாமல் எழுதித் தர அவர் தயாரா? தயார் என்றால், நீங்கள் அமர்த்திய வழக்கறிஞரிடம் அந்த நகலைக் காட்டுங்கள். தரகர் அழைத்துவரும் வழக்கறிஞர் வேண்டாம். “இன்றே கையெழுத்திடாவிட்டால் வாய்ப்பு போய்விடும்” என்றால், முன்பணத்தைத் தொடாமல் அனுப்பிவிடுங்கள்.