அணைத்து ஏற்றிய விளக்கு

அன்புள்ள ஐயா,

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கணிதம் படிக்க ஆசை. அவள் கேட்கும் கல்லூரிக்கு, கல்லூரிகளை மதிப்பிட்டு கிரேடு போடும் ‘நாக்’ அமைப்பு கொடுத்திருப்பது பி++. உச்ச கிரேடான ஏ++ இல்லாத இடத்தில் சேர்ப்பதில்லை என்று நான் இருக்கிறேன். ஆனால் கிரேடையே காசு கொடுத்து வாங்குகிறார்களாமே? எதை நம்புவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

லஞ்சத்தை விடுங்கள். 2025 பிப்ரவரியில் ‘நாக்’ ஆய்வுக் குழுவினர் கைதே ஆனார்கள், சிபிஐ பார்த்துக்கொள்ளும். பைசா கைமாறாத கல்லூரியில் நடப்பதுதான் கொஞ்ச நாளாக என்னை உறுத்துகிறது.

ஒரு கல்லூரியில் பேசப் போயிருந்தேன். குத்துவிளக்கு ஏற்றி உட்கார்ந்துவிட்டோம். ஒரு பேராசிரியர் ஓடிவந்தார். போட்டோவில் இடக்குறிப்பு விழவில்லையாம், அது இல்லாமல் ‘நாக்’குக்குக் காட்டும் ஆதாரமாகாதாம். ஐந்து திரியையும் அணைத்து மறுபடி ஏற்றினோம். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் நோட்டோடு அவரிடம் வந்தாள். “நாளைக்கு வாம்மா” என்றார். அன்றிரவுக்குள் ‘நாக்’குக்கான ஆண்டறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டும். வழியனுப்ப வந்தபோது சொன்னார்: முன்பெல்லாம் அரியர் வைத்த பிள்ளைகளை மாலையில் உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்வாராம். இப்போது அந்த நேரம் ஃபைலுக்கு. ஒரு மென்டாருக்கு, அதாவது வழிகாட்டி ஆசிரியருக்கு, எத்தனை மாணவர் என்ற கணக்கு ‘நாக்’ படிவத்தில் உண்டு. அவர் எத்தனை மாலை கூட இருந்தார் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? எழுத இடமில்லாத வேலை மெல்ல நின்றுபோகிறது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நல்ல மனிதர்தான் அவர். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

நிர்வாகத்தை மட்டும் திட்டியும் பயனில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிப்படி ‘நாக்’ மதிப்பீட்டில் நாலுக்கு 3.51 எடுத்த பல்கலைக்கழகம், அரசுப் பணம் கேட்காதவரை, அனுமதிக்குக் காத்திராமல் புதுத் துறை தொடங்கலாம். அந்த 3.51தான் ஏ++ தொடங்கும் இடமும். பள்ளத்தைப் பார்த்துத்தானே தண்ணீர் ஓடும்?

சரி, உங்களுக்கு வருகிறேன். கிரேடை வெப்சைட்டில் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். ஒருநாள் நாலு மணிக்கு மேல் அந்தக் கணிதத் துறை வராந்தாவில் போய் நின்றீர்களா? விளக்கு எரிகிறதா, யாராவது கரும்பலகை முன் நிற்கிறார்களா என்று பார்க்க எவ்வளவு நேரமாகும்? மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் ஏன் அந்தக் கல்லூரியைக் கேட்கிறாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.